விளக்கெண்ணெய் குடித்த பிளசர்

தென்காசியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களே, நீங்கள் எனக்கு வைத்த பெயரை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. 'பேதி பிளசர்'. ஆறாம் வகுப்பில் கால் வைத்த அன்றே வைத்தீர்கள். பதினொன்றாம் வகுப்பு முடித்து வெளியே வரும்வரை அது என் முதுகில் ஒட்டிக்கொண்டே இருந்தது. இப்போது உங்களில் பாதிப் பேர் கல்யாணமாகி மதுரையிலும் பாளையங்கோட்டையிலும் இருக்கிறீர்கள். போன மாதம் கோயில் வாசலில் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு என்னைப் பார்த்தாள். "ஏட்டி, பேதி பிளசர்லா! நல்லாருக்கியா?" என்றாள். அன்பாகத்தான் கேட்டாள். நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதி எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் எந்தக் காரையும் பிளசர் என்றுதான் சொல்வோம். எங்கள் பிளசர் என்று நான் சொன்னாலும் அது எங்களுடையது இல்லை. இலஞ்சியில் ஒரு முதலாளியுடையது. அப்பா அதை ஓட்டினார். உலகச் சண்டைக்கு முன்னால் வாங்கிய கறுப்பு வண்டி. முன்பக்கம் கம்பியைச் செருகிச் சுழற்றினால்தான் கிளம்பும். கதவுக்கு வெளியே ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன் இருந்தது. அந்தப் பந்தை அமுக்கினால் வாத்து கத்துவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். அதைத் தவிர அந்த வண்டியில் எனக்குப் பிடித்தது எதுவும் இல்லை. சீசன் தொடங்கிவிட்டால் தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவர்களை அது குற்றாலத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும். மற்ற மாதங்களில் முதலாளி வீட்டுப் பெண்கள் கல்யாணத்துக்கும் சாவு வீட்டுத் துட்டிக்கும் அதில் போவார்கள்.

அது புகை விட்டது. அடுப்புப் புகை மாதிரி இல்லை. நீலமும் கறுப்பும் கலந்து, தொட்டால் விரலில் ஒட்டும் போல இருக்கும். வண்டி நிற்கும் கொட்டகைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். காலையில் அப்பா வண்டியைக் கிளப்பினால் புகை ஓட்டுக்கு அடியில் புகுந்து அடுக்களைக்கு வந்துவிடும். அம்மா கொடியில் போட்ட துணியில் கறுப்புப் பொட்டு விழும். காயப்போட்ட வத்தலில் எண்ணெய்ப் பிசுக்கு படியும். பழைய சோற்றில் அந்த ருசி இருக்கும். நான் என் சடையை இழுத்து முகர்ந்து பார்ப்பேன், அதிலும் இருக்கும். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. அப்பா லைசென்ஸுக்குக் கைரேகைதான் வைத்திருந்தார். நான் ஐந்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்தேன். முதல் மார்க் வாங்குகிறவள் மேல் இந்த நாற்றம் அடிக்கக் கூடாது என்று எனக்கு அப்போதே ஓர் எண்ணம்.

அந்த வருஷம் வைகாசி முடிவதற்குள் வண்டிக்கு எப்.சி. எடுக்க வேண்டியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் தென்காசிக்கு வருவார். அவர் வண்டியைப் பார்த்து, சரி என்று எழுதினால்தான் வண்டி ரோட்டில் ஓடலாம். வந்திருப்பவர் புது இன்ஸ்பெக்டர், புகை விடுகிற வண்டி எதுவானாலும் திருப்பி அனுப்புகிறார் என்று ஸ்டேஷன் வாசலில் மற்ற டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். அப்பா வண்டியை ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். இஞ்சினைப் பிரித்து, தேய்ந்துபோனதை மதுரைக்கு அனுப்பிச் சரி செய்யாமல் இந்தப் புகை நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அதைப் போய் முதலாளியிடம் சொன்னார். நான் கூடவே நின்றேன்.

"சீசனுக்கு நேரத்துல பிரிச்சுப் போடச் சொல்லுதியாலே? ஆடி முடியிற வரைக்கும் அங்கனயே கெடக்கும்" என்றார் முதலாளி. மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாறு முழங்கை வரை வழிந்தது. அதை அவர் துடைக்கவே இல்லை. "இந்த ஒரு தடவை எப்படியாச்சும் பாஸ் பண்ணிரு. இல்லன்னா சவத்தை எடைக்குப் போட்டுருதேன். நீயும் வேற எடம் பாத்துக்கோ."

வேறு இடம் என்றால் எங்களுக்குத் திருவேங்கடம்தான். அம்மா பிறந்த ஊர். மாமாவுக்கு அங்கே கரிசல் காடு இருந்தது. எங்களை அங்கே வந்து காட்டு வேலை பார்க்கச் சொல்லி அவர் வருஷா வருஷம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே அவர் இருந்த பட்டியில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். மாமாவுக்கு ஒரு மகனும் இருந்தான். எனக்கோ தென்காசியில் ஆறாம் வகுப்பில் சேருவதற்குப் பரீட்சை எழுத நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். ஆக, ஒரு வண்டியின் பின்பக்கக் குழாயிலிருந்து என்ன வரும் என்பதில் என் படிப்பு மாட்டிக்கொண்டிருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது.

அந்தச் சமயம் பார்த்து மாமா வந்தார். வரும்போதெல்லாம் கொண்டுவருவது போல இந்தத் தடவையும் ஒரு பெரிய தகர டின் நிறைய விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். அவர் காட்டு ஓரத்தில் விளைந்த ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே மிதக்கிற எண்ணெயை அத்தை வழித்து எடுப்பாள். கடை எண்ணெய்க்கு இந்த நாற்றம் கிடையாது. இது தீய்ந்த நாற்றம். டின்னைத் திறக்க வேண்டாம், தெருமுனையில் வரும்போதே தெரியும். உங்கள் வீடுகளிலும் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் பேதிக்குக் கொடுத்திருப்பார்களே, அந்த எண்ணெய்தான். இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தொண்டை அடைத்தால், நான் சொல்வது புரிகிறது என்று அர்த்தம்.

மாமா வண்டியைச் சுற்றி வந்தார். அப்பா அதைக் கிளப்பிக் காட்டினார். மாமா குனிந்து புகைக்குழாய்க்கு எதிரே முகத்தை வைத்து, வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கேன். மனுசனுக்கு ஒடம்புல சூடு ஏறுனா என்ன செய்யுதோம்?"

"என்ன மச்சான் செய்யுதோம்?"

"வெளக்கெண்ணெ குடுக்குதோம்லா? ரெண்டு நடை போனான்னா குளுந்துருதான். இதுக்கும் சூடுதான். உள்ள கொதிச்சுப் போய்க் கெடக்கு. வாயில பெட்ரோல ஊத்துத, பின்னால புகையா வருது. அம்புட்டுத்தான் விசயம்."

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே டின்னைத் திறந்து, விரலை விட்டு எடுத்து, எண்ணெய் விரலிலிருந்து எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பார்த்தார். பிறகு அவர் சிரிக்கவில்லை.

"கெட்டியாத்தான் இருக்கு" என்றார். "இஞ்சின் ஆயிலை வடிச்சிட்டு இதை ஊத்துனா, இடைவெளிய அடைச்சாலும் அடைக்கும். பந்தய வண்டிக்கெல்லாம் இதைத்தான் ஊத்துதாம்னு ஒரு மிலிட்டரி டிரைவர் சொல்லிக் கேட்டிருக்கேன்."

"பிள்ளைக்கு வச்சிருக்க எண்ணெயில்லா அது?" என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து.

"பிள்ளைக்கும் இருக்கு, பிளசருக்கும் இருக்கு" என்றார் மாமா.

அப்படியே ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தார்கள். அம்மா என்னை மடியில் சாய்த்து, மூக்கைப் பிடித்து, பாதி உடைந்த எனாமல் குவளையால் ஊற்றினாள். கருப்பட்டிக் காபியில் கலந்திருந்தாள். கலந்தால் தெரியாது என்பது பெரியவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது. அடிநாக்கில் போய் நின்று, உள்ளே போகாமலும் வெளியே வராமலும் அசைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா தகரப் புனலை வைத்து வண்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். மாமா இரண்டுக்கும் நடுவில் வாசலில் நின்றார்.

"இங்கன ஆச்சு!" என்று கொட்டகையைப் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் கத்தினார். "அங்கன ஆச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு அண்ணே, துப்பப் பாக்கா" என்றாள் அம்மா.

"விடாத, அமுக்கு! வண்டி எவ்வளவு ஒழுங்காக் குடிக்கு பாரு!"

அன்றைக்கு முழுவதும் வீட்டுக்கும் கொல்லைப்புறத்துக்கும் நான் நடந்ததை எழுத மாட்டேன். எலுமிச்சங்காயை மூக்கில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். சுவருக்கு அப்பால் வண்டியைக் கிளப்பிக் கிளப்பி அணைத்தார்கள். அப்பாவும் மாமாவும் முதலாளியும் குழாய்க்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, 'கொறஞ்சிருக்கு', 'இல்ல, கொறையல', 'இப்பம் பாரு, வெளுத்திருக்கு' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வண்டியின் ஆசனவாயை மூன்று ஆண்கள் அவ்வளவு அக்கறையாகப் பார்த்தார்கள். பரீட்சையில் என்ன கேட்பார்கள், எனக்கு என்ன தெரியும் என்று ஒருத்தர் கேட்கவில்லை.

பரீட்சையும் இன்ஸ்பெக்டர் வருவதும் ஒரே நாளில் அமைந்தன. அப்பா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். மாமா முன்சீட்டில் உட்கார்ந்தார். முகப்பு விளக்குகளுக்குச் சந்தனம் வைத்து, கண் பட்டுவிடக் கூடாது என்று எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த நூலை முன்னால் கட்டியிருந்தார்கள். இலஞ்சியிலிருந்து தென்காசி வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. புகை குறைந்திருந்தது உண்மைதான். ஆனால் முன்பு நாறியது போதாது என்று இப்போது விளக்கெண்ணெய் காய்ந்து கருகுகிற நாற்றம். வெதுவெதுப்பாக, இனிப்பாக, வயிற்றுக்குள் கையை விடுகிற நாற்றம். ரோட்டு ஓரத்தில் நடந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். மாமா அவர்களுக்குக் கையை ஆட்டினார்.

பள்ளிக்கூட வாசலில் அப்பா என்னை இறக்கிவிட்டார். அங்கே நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். பவுடர் போட்டு, ரிப்பன் கட்டி, உங்கள் அப்பாக்களின் கையைப் பிடித்துக்கொண்டு. வண்டி திரும்பும்போது ஒருமுறை நன்றாக உறுமி, மொத்தப் புகையையும் உங்கள் மேல் விட்டுவிட்டுப் போயிற்று. யாரோ, "ஐயே, பேதி எண்ணெ!" என்றாள். அவள் யார் என்று எனக்குத் தெரியும். அவள் பெயரை எழுதப் போவதில்லை.

பரீட்சை அறையில் டீச்சர் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "யாருட்டி இது? என்ன நாத்தம்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். டீச்சர் என்னை எழுப்பி, ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் உட்காரச் சொன்னார். அந்த வருஷத்தின் முதல் சாரல் அன்றைக்குத்தான். காற்று திரும்பும்போதெல்லாம் தூறல் தாளில் விழுந்தது. இடது கையைக் குடை போலத் தாளின் மேல் வைத்துக்கொண்டு வலது கையால் கணக்குப் போட்டேன். அழவில்லை. ஒரு கணக்கைக்கூட விடவில்லை.

பரீட்சை முடிந்து, அப்பா சொல்லியிருந்தபடி வண்டிகளைப் பார்க்கும் மைதானத்துக்கு நடந்து போனேன். மருத மரத்தடியில் மேசை போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட காக்கி உடுப்பு. கண்டிப்பான ஆள்தான். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு லாரியின் குழாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தார், கறுப்பாயிற்று. அவ்வளவுதான், லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதன் டிரைவர் கெஞ்சக் கெஞ்ச நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது. அவர் எங்கள் வண்டியையும் அப்படி அனுப்பிவிட்டால் நான் எழுதிவிட்டு வந்த தாள் ஒன்றுக்கும் ஆகாது.

எங்கள் முறை வந்தது. அப்பா கம்பியைச் சுழற்றி வண்டியைக் கிளப்பினார். இன்ஸ்பெக்டர் இன்னொரு கைக்குட்டையை எடுத்துக் குழாயில் பிடித்தார். எடுத்துப் பார்த்தார். கறுப்பாக இல்லை. மஞ்சளாக, ஈரமாக இருந்தது. இது என்ன என்று பார்ப்பதற்கு அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

அந்த முகம் மாறியதை நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா மடியில் நான் வைத்திருந்த முகம் அதுதான். அவ்வளவு பெரிய மனிதருக்குள்ளிருந்து, மூக்கைப் பிடித்து ஊற்றப்பட்ட ஒரு சின்னப் பையன் எட்டிப் பார்த்தான்.

"என்னய்யா இது?" என்றார்.

மாமா முன்னால் வந்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு. "சுத்தமான வெளக்கெண்ணெ ஐயா! வீட்டுல காய்ச்சுனது! வேணும்னா ஐயாவுக்கும் ஒரு போத்தல்..."

இன்ஸ்பெக்டர் மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்தவர் நேராக எங்கள் வண்டியின் முன்னால் கட்டியிருந்த நூலைப் பிய்த்து, எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்தார். அதோடு கோத்திருந்த மிளகாயும் நசுங்கியிருக்க வேண்டும். தும்மினார். தும்மத் தும்மக் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. லாரிக்காரர்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏறி ஓட்டிப் பாக்கணும்லா சார்? பிரேக்கு..." என்றார் கூட வந்த பியூன்.

"எதுல ஏறணும்? இதுலயா? நீ ஏறுவியா?"

பியூன் வண்டியைப் பார்த்தார். ஏறவில்லை.

"கொண்டு போ!" என்று இன்ஸ்பெக்டர் அப்பாவைப் பார்த்துக் கத்தினார். மூக்கில் பழம் இருந்ததால் குரல் மூக்கடைப்பாக வந்தது. "எழுதித் தாரேன், கொண்டு போ! என் கண்ணு முன்னால நிக்கக் கூடாது!"

எழுதிக் கொடுத்துவிட்டார். லாரியைத் திருப்பி அனுப்பிய அதே கையால் எழுதினார். எனக்கு வந்த ஏமாற்றத்தைச் சொல்ல முடியாது. நான் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. ஆனாலும் சேற்றில் கால் வைத்தது போல இருந்தது.

திரும்பி வரும் வழியில் மாமா வாய் ஓயவில்லை. முதலாளி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அப்பா ஹாரன் பந்தை விடாமல் அமுக்கினார். "ரெண்டு பேரும் பாஸ்!" என்று கத்தினார். என் தாளை அப்போது யாரும் திருத்தக்கூட இல்லை. ஒரு வாரம் கழித்து, நான் முதலாவதாக வந்திருக்கிறேன் என்று தெரிந்தபோது, "எல்லாம் நம்ம எண்ணெ" என்றார் மாமா. அப்பா அதற்கும் சிரித்தார்.

பள்ளிக்கூடம் திறந்தது. சீசனும் சூடு பிடித்தது. அப்பா காலையில் வண்டியைத் தென்காசி ஸ்டேஷனுக்குக் காலியாகத்தான் எடுத்துப் போவார். நானும் அதே நேரத்தில் அதே ரோட்டில்தான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். ஆனால் நடந்து. அவர் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. முதல் நாள் வண்டிக் கதவைத் திறந்தவளை, "ஏட்டி, எறங்கு. நடந்து போ" என்றார். காரணம் சொல்லவில்லை. சாரலில் நனைந்து, பாவாடை காலில் சுற்றிக்கொள்ள, புத்தகத்தை சட்டைக்குள் வைத்துக்கொண்டு போவேன். பின்னால் வாத்து கத்தும். ஒதுங்குவேன். பிளசர் என்னைத் தாண்டிப் போகும். அதன் புகை சாரலில் கலைய முடியாமல் ரோட்டில் படுத்துக்கிடக்கும், அதற்குள் நடப்பேன். "உங்கப்பா பிளசர் ஓட்டுதாவல்லா, நீ ஏன்ட்டி நடந்து வார?" என்று நீங்கள் கேட்டீர்கள். சவாரிக்காரர்கள் ஏறுகிற சீட்டில் டிரைவர் மகள் உட்காரக் கூடாது என்று முதலாளி சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். முதலாளி பேச்சைக் கேட்டு மகளை மழையில் நடக்கவிடுகிறார் என்று அப்பா மேல் அருவருப்பாக இருந்தது. சனி, ஞாயிறுகளில் உங்களில் சிலர் வீட்டோடு எங்கள் பிளசரை அமர்த்திக்கொண்டு அருவிக்குப் போனீர்கள். ரோட்டில் என்னைக் கண்டால் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினீர்கள்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் நடந்துதான் போனோம். குற்றாலத்துத் தண்ணீரை மூலிகைத் தண்ணீர் என்று ஊரே சொல்லும். சீசன் நாளில் அது விழுகிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மேலேயிருந்து சுத்தமாகத்தான் வருகிறது. கீழே வந்ததும் அதில் எண்ணெய் ஏடு, சீயக்காய்ச் சக்கை, உதிர்ந்த முடி, யாரோ சாப்பிட்டுப் போட்ட இலை. எல்லாவற்றையும் நோய் தீரும் என்று தலையில் வாங்கிக்கொள்கிறார்கள். அம்மாவும் கும்பிட்டுவிட்டு நின்றாள். நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

குளித்துவிட்டு இறங்கும்போது எதிரே மேட்டில் எங்கள் பிளசர் ஏறி வந்தது. மதுரைக்காரக் குடும்பம், உள்ளே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சிவப்புப் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பிள்ளை கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிச் சாரலைப் பிடித்துக்கொண்டு வந்தது. வண்டி இருமியது. விளக்கெண்ணெய் உள்ளே பிசினாக இறுகியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். ஒரு பெரிய புகையை விட்டுவிட்டு இஞ்சின் நின்றது. அப்புறம் வண்டி பின்னால் போகத் தொடங்கியது.

"கல்லு போடுங்க! சக்கரத்துக்குக் கல்லு போடுங்க!" என்று அப்பா அலறினார். பிரேக் பிடிக்கவில்லை. அன்றைக்கு மைதானத்தில் ஏறி ஓட்டிப் பார்த்திருந்தால் இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்திருக்கும். ஆட்கள் கல்லைத் தேடி ஓடுவதற்குள் அப்பா ஸ்டியரிங்கைத் திருகி, வண்டியை ரோட்டோரத்து மரத்தில் சாய்த்து நிறுத்திவிட்டார். பள்ளத்தில் விழவில்லை. யாரும் சாகவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் கை மரத்துக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தது.

அந்தச் சத்தத்தை நான் எழுத முயன்று விட்டுவிட்டேன்.

முதலாளிக்கு ஆள் போயிற்று. அவர் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார். "எப்.சி. ஆன வண்டிங்க. பெரிய இன்ஸ்பெக்டர் பாத்து எழுதிக் குடுத்த வண்டி. எங்க மேல ஒண்ணும் இல்ல. ஏதோ நேரம்" என்றார். எழுதிக் கொடுத்த வண்டி என்றதும் பிள்ளையின் தகப்பனார் சண்டையை விட்டுவிட்டுப் பிள்ளை பக்கம் போனார். அதற்குள் பிள்ளையின் கை வீங்கிவிட்டது. "வெளக்கெண்ணெ தடவுனா வீக்கம் வத்தும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். முதலாளி வண்டியின் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, மிச்சம் வைத்திருந்த போத்தலை எடுத்தார். அதே எண்ணெய். அழுதுகொண்டிருந்த பிள்ளையின் கையில் அதை ஊற்றித் தடவினார்கள். அவளுடைய பாவாடையில் மஞ்சளாக வழிந்தது. அப்பா இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ரோட்டோரத்தில் குனிந்து, அன்று காலை சாப்பிட்டது எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

வண்டியை எடைக்குப் போட்டார்கள். பித்தளை ஹாரனையாவது கேட்டுவிடலாம் என்று நான் போவதற்குள் அதையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா மறுபடியும் வந்து திருவேங்கடத்துக்குக் கூப்பிட்டார். அம்மா அவரை நடையிலேயே நிறுத்திவிட்டாள். "சேத்தாச்சு. முதலா வேற வந்திருக்கா. பாதியில புடுங்கி நடுறதுக்கு அவ என்ன நாத்தா? நீங்க காப்பி குடிச்சிட்டுப் போங்க அண்ணே" என்றாள். அப்பா செங்கோட்டையில் மரம் ஏற்றும் ஒரு லாரிக்கு டிரைவராகப் போனார். நான் படித்தேன். அது உங்களுக்குத் தெரியும்.

தெரியாத பாதி இனிமேல்தான்.

போன வாரம் எனக்கு வீரகேரளம்புதூரில் டீச்சர் வேலைக்கு உத்தரவு வந்தது. எங்கள் குடும்பத்தில் உத்தரவு வாங்கி வேலைக்குப் போகும் முதல் ஆள் நான். அப்பா சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு மதியம் சாப்பாடு போட்டார். பந்தியில், அவர் எப்போதும் சொல்கிற கதையைத் தொடங்கினார். இன்ஸ்பெக்டர் தும்மியதை நடித்துக் காட்டினார். மாமா பல் போன வாயால் சிரித்தார். மரத்தடியில் வாந்தி எடுத்த இடம் வரும்போது எல்லோரும் இலையில் கையை வைத்துக்கொண்டே சிரித்தார்கள். அப்பாவின் கதை எப்போதும் அந்த இடத்தில் முடிந்துவிடும். ஐந்தருவி மேடு அதில் வராது. சிவப்புப் பாவாடை வராது.

"அன்னைக்கு ரெண்டு பேரும் பாஸ்லா!" என்று முடித்தார்.

பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். "பாஸானது நான் மட்டுந்தாம்ப்பா" என்றேன்.

அம்மா என் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்து, அப்பா கிணற்றடியில் கை கழுவும்போது நான் தண்ணீர் ஊற்றினேன். அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"தெரியும்ட்டி. அன்னைக்கே தெரியும். மைதானத்துலயிருந்து வரும்போதே பிரேக்கு கால்ல ஒழுங்கா நிக்கல. அந்த ஆளு ஏறி ஓட்டியிருந்தான்னா அங்கனயே புடிச்சிருப்பான்."

"தெரிஞ்சுமா ஓட்டுனீங்க?"

"அதான் உன்னைய ஏத்தவே இல்லியே."

அந்தச் சீசன் முழுவதும் நான் நனைந்து நடந்த ரோடு கண்ணுக்கு முன்னால் வந்தது. பின்னால் வாத்து கத்துகிறது. நான் ஒதுங்குகிறேன். முதலாளி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"அப்பம் மத்த பிள்ளைக?" என்று கேட்டேன்.

அப்பா துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போலப் பார்த்தார்.

"அது சவாரில்லா" என்றார்.

என்னைக் காப்பாற்றியிருக்கிறார். அதற்காக அவர் காலைத் தொட வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றியது. அவர் துடைத்துப் போட்ட துண்டை எடுக்கக்கூட என் கை போகவில்லை. துண்டு கிணற்றடிக் கல்லிலேயே கிடந்தது.

இனி என்னை எங்கே கண்டாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், பரவாயில்லை. ஆனால் அந்தச் சீசனில் அந்த வண்டியில் நான் போகவில்லை. அந்த ஆனியிலும் ஆடியிலும் உங்கள் அம்மாக்களின் மடியில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ரோட்டில் நனைந்துகொண்டு போன என்னைப் பார்த்து ஆட்டிக்கொண்டு போனது நீங்கள்தான்.

அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் பொறாமையாக இருந்தது.